நாடா வெட்டும்வரை யாரும் விழக்கூடாது

இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண மண்டபம். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நீர்வேலிப் பெரியவர் ஒருவர் சரிந்து விழுந்தார்.

நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி ஒன்று வாசலில் இருப்பதைக் கண்டிருந்தேன். ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சந்தனப் பொட்டோடு இருந்தது. குறுக்கே சிவப்பு நாடா. பெட்டிக்குப் பூட்டு, சாவியைக் காணோம்.

"திறப்பு எங்கை?" என்று மனேச்சரிடம் கத்தினேன்.

"மண்டபத் தலைவரிட்டை. அவர் கோயிலுக்குப் போயிட்டார். இதைத் தந்த அண்ணை கனடாவிலையிருந்து வந்துதான் நாடா வெட்டுவார். அதுக்கு முதல் தொடேலாது."

"அங்கை மனுசன் விழுந்து கிடக்கிறார்!"

"தம்பி, உந்தக் கருவியை வைக்கச் சொல்லிச் சட்டமே இல்லை. நாங்கள் வச்சிருக்கிறதே பெரிய விசயம்."

நல்லவேளை, பெரியவருக்கு வந்தது வெறும் மயக்கம். தானாகவே கண் விழித்து, "பாயாசம் முடிஞ்சுதே?" என்று கேட்டார்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே தீயணைக்கும் சிலிண்டர் பூட்டில்லாமல் தொங்கியது. அதை ஏன் பூட்டவில்லை என்று மனேச்சரிடம் கேட்டேன்.

"ஐயோ, அதைப் பூட்டினால் வழக்குப் போடுவாங்கள்."

ஆக, ஆள் செத்தால் இவர்களுக்குப் பயமில்லை. வழக்கு வந்தால்தான் பயம். அப்படியென்றால் இதற்கும் ஒரு சட்டம் போடுங்கள், பூட்டுத் தானாகக் கழலும்.

கனடா அண்ணை ஆவணியில்தான் வருகிறாராம். அந்த மண்டபத்தில் கலியாணம் வைத்திருப்பவர்கள் யாரும் இங்கே இருந்தால், அழைப்பிதழின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "ஆவணிவரை இதயம் நிற்பதைத் தவிர்க்கவும்."