ஐந்து படி உயரத்தில் தம்பியின் வீடு

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தம்பி எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்துடன் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி தம்பியின் மகள், என் பெறாமகள், கேட்டாள். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் தம்பியைப் புகழ்ந்திருந்தேன். கூடவே உறவினராகிய எங்களையும் புகழ்ந்திருந்தேன். அதைத்தான் என்னால் திருப்பி வாசிக்க முடியவில்லை. இது நான்காவது. இதில் பிழை இருந்தால் முதியவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மை இருந்தால் பொறுக்க வேண்டாம்.

எங்கள் பெற்றோர் குடாநாட்டிலிருந்து வந்து, கிளிநொச்சியில் குளத்தின் கீழ் வயல் பெற்றுக் குடியேறியவர்கள். பிள்ளைகள் ஐவர். நான் மூத்தவன், தம்பி கடைசி. இடையில் பதினேழு வயது வித்தியாசம். அவர் பிறந்தபோது நான் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதனால் அவருக்கு நான் பாதி அண்ணன், பாதி தகப்பன். நான் ஒன்று சொன்னால் அவர் மறுத்துப் பேசியது மிகக் குறைவு. அதை அந்நாளில் அவருடைய நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு வயதில் அப்பாவின் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். நான் பக்கத்தில் நின்று ஆணிகளை எண்ணினேன். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

“இது என்னடா?”

“அது தேவையில்லாத ஆணி அண்ணை. அவங்கள் கூடிப் போட்டிட்டாங்கள்.”

இயந்திரம் ஓடியது. அப்பா சிரித்த சிரிப்பு வரம்பு முழுவதும் கேட்டது.

இருபதாம் வயதில் தம்பி போராடப் போனார். அங்கேயே திருமணம் செய்தார். ஒரு மகள் பிறந்தாள். போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் கடற்கரையில் விழுந்த எறிகணை அவருடைய இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே கொண்டுபோனது. வைத்தியசாலை, முகாம், புனர்வாழ்வு எல்லாம் முடித்துப் புதுக்குடியிருப்பில் மனைவியின் சீதனக் காணியில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார். கொட்டில் வாசலிலேயே நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தத் தொடங்கினார். விசுவமடுவிலிருந்தும் ஆட்கள் கொண்டுவந்தார்கள். காயப்பட்டவர் ஒருவர் கொண்டுவந்தால் கூலி வாங்கமாட்டார்.

அந்த ஆண்டுகளில் நாங்கள் அவரைப் பார்க்கப் போவது அரிது. போனால் யார் வந்தது, ஏன் வந்தது என்று விசாரிக்க ஆள் வரும் என்ற பயம். பரந்தன் சந்தியில் பேருந்து மாறினால் போய்விடலாம். நான் இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் இருட்ட முன் திரும்பிவிட்டேன். தம்பி ஒரு தரமும் “ஏன் வரேல்லை?” என்று கேட்கவில்லை.

பிறகுதான் அந்தச் சங்கம் வந்தது. வெளிநாட்டில் வாழும் எங்கள் பகுதிப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, போராளியாக இருந்து காயப்பட்டவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் வீடு கட்டிக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்களுடைய விதி ஒன்றே. வீட்டின் திறப்புச் சாவியைக் கொடுக்கும் நாளில் அந்தக் குடும்பத்தின் பேரில் ஒரு சதக் கடனும் இருக்கக்கூடாது. காணி உறுதி எந்த வங்கியிலும் அடகில் இருக்கக்கூடாது. பாதி வீட்டுக்குக் கடன்பட்டு, கூரை போட முன் வட்டி கட்டத் தொடங்கிய குடும்பங்களை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதனால் அந்த விதியின் அருமை எங்களுக்குத் தெரியும்.

முதல் வீடு தம்பிக்குத்தான் என்றார்கள். அவர் ஏற்கவில்லை. “எனக்குத் தகரமாவது இருக்கு. அதுவும் இல்லாத ஆக்களைப் பாருங்கோ” என்று ஆறு குடும்பங்களை அடையாளம் காட்டினார். கையால் சுழற்றும் மூன்று சில்லுச் சைக்கிளில் அந்த ஆறு காணிக்கும் போனார். வாசலுக்கு ஏறும் சாய்தளத்தில் சீமெந்து காய்ந்ததும் தன்னுடைய சக்கர நாற்காலியைத் தானே உருட்டி ஏறிப் பார்ப்பார். தோள் நோகாமல் ஏற முடிந்தால்தான் கட்டின மேசனைப் போக விடுவார். இல்லையென்றால் உடைத்துக் கட்டவேண்டும். ஒரு மேசன் கோபித்துக்கொண்டு சாந்தகப்பையை எறிந்துவிட்டுப் போய், மூன்றாம் நாள் திரும்பி வந்தாராம்.

எங்கள் மைத்துனர், அதாவது இரண்டாவது தங்கையின் கணவர், கேட்டார்: “ஊருக்கெல்லாம் கல்வீடு. உனக்கு மட்டும் தகரமோ? நீயென்ன முனிவரே?”

ஏழாவதாகத் தம்பியின் வீடு தொடங்கியது. இனி எழுதப்போவதில் உங்களில் பலரும் நானும் இருக்கிறோம்.

சங்கத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், இளம் பெண், படம் கொண்டுவந்தார். நிலத்தோடு ஒட்டிய தளம், அகலமான கதவுகள், வீட்டுக்குள்ளேயே மலசலகூடம், வாசலுக்குச் சாய்தளம். அத்திவாரம் வெட்டிய அன்று நாங்கள் ஒன்பது பேர் போயிருந்தோம். நிலைமை மாறிவிட்டது, பயம் விட்டுவிட்டது, உறவு திரும்பிவிட்டது. வெட்டிய குழியைப் பார்த்ததும் மைத்துனர் தொடங்கினார்.

“இதென்ன, மாட்டுக்கே கட்டுறியள்? நாளைக்கு உன்ரை பெட்டையைப் பொம்பிளை பாக்க வாறவன் வாசல்லை நிண்டு என்ன சொல்லுவான்? சரிவைக் கண்டிட்டு நெல்லு மில்லுக்கு வந்திட்டம் எண்டு திரும்பிப் போவான்.”

“வாறவன் காலோடை வருவான் அத்தான்,” என்றார் தம்பி. “அவனுக்குப் படியும் சரிவும் ஒண்டுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீடு என்றால் படியேறிப் போகவேண்டும் என்பது எங்கள் பக்கத்து எண்ணம். நிலம் உயர்ந்தால்தான் குடும்பம் உயர்ந்தது. “மாரிக்கு வெள்ளம் நிக்கிற காணி. ரெண்டரை அடி உயர்த்தத்தான் வேணும். கக்கூசும் குசினியும் ஒரு கூரைக்குக் கீழை சரிவராது, பின்னுக்குக் கட்டுவம்,” என்றேன். அந்தக் காணியில் வெள்ளம் நின்றதை நான் கண்டதில்லை.

மேசன் என்னைப் பார்த்தார். “அப்ப இவர் எப்பிடி ஏறுறது ஐயா?”

“வீட்டிலை ஆக்கள் இருக்கினம்தானே,” என்றேன்.

தம்பி வெட்டிய குழியின் விளிம்பு வரை நாற்காலியை உருட்டிப் போய் உள்ளே பார்த்தார். பிறகு, “சரி அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி,” என்றார்.

நிலத்தை உயர்த்தும் கிறவல் மண்ணுக்கு ஒன்பது பேரும் காசு போட்டோம். அதை இன்றைக்கும் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். முன்னுக்கு விறாந்தையும் இரண்டு தூணும் வேண்டும் என்றோம். கடன்படக் கூடாது என்பது விதி. அதனால் சாய்தளத்துக்கும் அகலக் கதவுக்கும் வைத்திருந்ததை எடுத்துத் தூணுக்குப் போட்டோம். விதியை நாங்கள் மீறவில்லை. ஒரு சதக் கடனும் இல்லாமல், தன்னால் ஏற முடியாத வீடொன்றைத் தம்பிக்குக் கட்டிக் கொடுத்தோம்.

புதுமனை புகும் குடிபூரல் நாளுக்கு நூற்றிருபது கதிரை வாடகைக்கு எடுத்தோம். அத்தனையிலும் ஆள் இருந்தது. ஐயர் வழக்கம்போல, “வீட்டுக்காரர் வலது காலை முன்வைச்சு வாங்கோ” என்று சொல்லிவிட்டு வாயடைத்துப் போனார்.

தம்பிதான் காப்பாற்றினார். “ஐயா, வலது கால் மாத்தளன் கரையிலை நிக்குது. ஆளனுப்பிக் கூப்பிடட்டோ, இல்லாட்டி நேரம் பிந்தீடுமோ?”

ஐயரும் சிரித்துவிட்டார். நான்கு பேர் பிளாஸ்ரிக் கதிரையோடு அவரைத் தூக்கி ஐந்து படியும் ஏற்றினார்கள். அந்தப் படம் இந்த மலரின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. தம்பி அதில் சிரிக்கிறார். கைகள் இரண்டும் கதிரையை எப்படி இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்பதை நான் சென்ற மாதம்தான் கவனித்தேன்.

சில மாதம் கழித்து அந்த உத்தியோகத்தர் பார்க்க வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன். படியில் நின்று சுற்றிப் பார்த்தவரின் முகம் மாறியது.

“சாய்தளம் எங்கை? ஆர் மாத்தினது?”

நான் வாய் திறக்க முன் தம்பி சொன்னார்: “நான்தான் மிஸ். எனக்கு அது வடிவில்லை எண்டு நான்தான் வேண்டாமெண்டனான்.”

“நீங்களோ? மற்ற வீடுகளிலை உடைச்சுக் கட்டுவிச்ச நீங்களோ?”

“எனக்கும் தூண் ஆசை இருக்காதே மிஸ்?”

உத்தியோகத்தர் என்னை ஒருமுறை பார்த்தார். தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு தம்பி பழைய தகரக் கொட்டிலிலேயே படுத்தார். வெளியே போகவும் உள்ளே வரவும் அங்கே அவருக்கு யாரும் வேண்டியதில்லை. புது வீடு விருந்தாளிகளுக்கு என்றானது. நான் போகும்போதெல்லாம் விறாந்தையில் எனக்குக் கதிரை போடுவார்கள். அவர் கீழே முற்றத்தில் இருந்து அண்ணாந்து பேசுவார். “ஏன் தம்பி கொட்டிலுக்கை கிடக்கிறாய்?” என்று ஒருமுறை கேட்டேன். “இதுக்கை வெக்கை குறைவு அண்ணை,” என்றார். தகரத்தின் கீழே வெக்கை குறைவு என்று அவர் சொன்னதைக் கேட்டு, படித்தவன் என்று பெயரெடுத்த நான் தலையாட்டினேன்.

சிறுநீரக நோய் அவரை மெல்ல மெல்லச் சாய்த்தது. வைத்தியசாலையிலிருந்து கடைசியாக வந்தபோது தம்பியின் மனைவி, மச்சாள், உள்ளறையில் கட்டில் போட்டு வைத்திருந்தா. தம்பி வேண்டாம் என்றார். “கொட்டிலுக்கை விடுங்கோ. ஏலுமெண்டால் நானே வெளியிலை வந்து வெய்யிலைப் பாப்பன்.” இரண்டு நாள் காலையில் அப்படி வந்து பார்த்தார். மூன்றாம் நாள் காலை அவர் வரவில்லை.

பெரிய வீடு இருக்கக் கொட்டிலில் பிரேதம் கிடத்துவதா என்று நாங்கள் கேட்டோம். அவரைத் தூக்கி மண்டபத்தில் கிடத்தினோம். பத்து மணியளவில் அவருடைய தோழர்கள் வந்தார்கள். சக்கர நாற்காலியிலும் மூன்று சில்லுச் சைக்கிளிலும் பதினொரு பேர். தம்பி அடையாளம் காட்டிய ஆறு வீட்டுக்காரரும் அதில் இருந்தார்கள். முதலாவது படிக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். வெயில் ஏறியது. உள்ளே நாங்கள் மின்விசிறியின் கீழ் இருந்தோம். யாரோ ஒருவர் போய், “தூக்கி விடுறம், வாங்கோ” என்றார். அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

முதலாவது வீட்டைப் பெற்றவர் என்னைக் கூப்பிட்டார். “ஐயா, அவனை வெளியிலை கொண்டு வாங்கோ. எங்களாலை ஏறேலாது.”

பிரேதத்தை வெளியே எடுத்தால் மீண்டும் உள்ளே கொண்டுபோகும் வழக்கம் எங்களிடம் இல்லை. கிரியை தொடங்கவுமில்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மச்சாள் எழும்பி வந்து, “கொண்டு போங்கோ. அவர் இருந்த இடம் முற்றம்தானே,” என்றா. முற்றத்து வெயிலில் பந்தலை நீட்டிக் கிரியை அங்கேயே நடந்தது. பதினொரு பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பெட்டி அவர்களுடைய கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. ஒவ்வொருவரும் அவருடைய முகத்தைத் தடவினார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு மச்சாளிடம் போனேன். தூண் இரண்டையும் உடைத்துச் சாய்தளம் கட்டுகிறேன் என்றேன்.

“இனி ஆருக்கு அத்தான்?”

மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னா: “அத்திவாரம் வெட்டின அண்டைக்கு ராவு நான் சண்டை பிடிச்சனான், படி வேண்டாமெண்டு சொல்லுங்கோ எண்டு. அவர் சொன்னார், ‘எத்தினை வருசத்துக்குப் பிறகு சொந்தக்காரர் வாசலுக்கு வந்திருக்கினம். ஒரு சரிவுக்காக அவையை இழக்கேலாது’ எண்டு.”

பெறாமகள்தான் பேச்சை முடித்தாள். “கட்டுங்கோ பெரியப்பா. அப்பாவின்ரை ஆக்கள் எங்கடை வீட்டுக்குள்ளை வரவேணும்.”

இரண்டரை அடி உயரத்துக்கு முப்பது அடி நீளம் வேண்டுமென்று உத்தியோகத்தர் கணக்குச் சொன்னார். அவரே வந்து நூல் பிடித்தார். பழைய மேசனே கட்டினார். கதவு நிலைகளையும் அகலமாக்கினோம். வேலை முடிந்ததும் ஏறிப் பார்த்துச் சரி சொல்ல ஆள் இல்லாமல் நாங்கள் மூவரும் சும்மா நின்றோம்.

துயரில் பங்குகொண்டவர்களுக்கும், வைத்தியசாலையில் பார்த்தவர்களுக்கும், சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடனில்லாமல் வீடு தந்த சங்கத்தாருக்கு நன்றியோடு எங்கள் மன்னிப்பும். இப்படியான வீடு இனிக் கிடைக்கப்போகும் குடும்பங்களின் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டின் உயரத்தை, அதற்குள் வாழப்போகிறவரிடம் கேளுங்கள். அவர் “சரி அண்ணை” என்றால் இன்னொரு தரம் கேளுங்கள்.

ஆண்டுத் திவசத்துக்கு அந்தப் பதினொரு பேரையும் நானே தொலைபேசியில் அழைத்தேன். இலை மண்டபத்துக்குள் போடுவோம் என்றேன். சாய்தளம் எத்தனை அடி நீளம் என்று முதலாவது வீட்டுக்காரர் கேட்டார். முப்பது அடி என்றேன். பிறகு சொன்னார்:

“வாறம் ஐயா. ஆனா ஒருத்தரும் எங்களிலை கை வைக்கக்கூடாது. நாங்களே ஏறி வருவம்.”