ஃபோன்ஸி கில்ஹூலிக்குக் குழி தோண்டியவர்கள்

முன்னறையில் ஃபோன்ஸி கில்ஹூலி பெட்டிக்குள் படுத்திருந்தான். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவன் மனைவி அட்ராக்டா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பூசை முடிந்ததும் அடக்கம். குழி தோண்டப் போனவர்களுக்கு ரொட்டியும் விஸ்கியும் அனுப்ப வேண்டும். அடுப்பருகே நின்ற அன்னாகீல் ஊர்க்காரன் மாலக்கி பிரெஸ்லினிடம் கேட்டாள்.

"யார் யாரு போயிருக்காங்க?"

"ட்ரம்சில்லாக்காரங்க போயிருப்பாங்களே."

சன்னலோரம் சுங்கான் பிடித்துக்கொண்டிருந்த ஹியூபர்ட் கன்னிங் திரும்பினான். "நாங்களா? ஃபோன்ஸிக்குக் கடுதாசி அன்னாகீல்னுதானே வருது. உங்க ஊருதான் தோண்டுதுன்னுல்ல நெனச்சோம்?"

யாருமே போகவில்லை.

இறந்தவனுக்கு அவன் ஊர்க்காரர்கள்தான் குழி தோண்டுவார்கள். கூலி வாங்க மாட்டார்கள். அழைக்காமல் அடுத்த ஊர்க்காரன் மண்வெட்டியோடு போனால், 'உங்களுக்கு ஆள் இல்லையா' என்று முகத்தில் அறைந்ததுபோல. இரண்டு ஊருக்கும் எல்லை ஒரு ஓடை. கில்ஹூலி வீடு ஓடைக்கு ட்ரம்சில்லா பக்கம் இருந்தது. கடிதங்களோ அன்னாகீல் என்று வந்தன. இரு ஊரும் மரியாதைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டன.

"மெஷின் வெச்சு எடுத்துடலாம். ஒரு போன் போட்டா போதும்," என்றான் மாலக்கி, தரையைப் பார்த்தபடி.

அட்ராக்டா தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். எல்லையில் வீடு என்பதால் ஃபோன்ஸியை இரண்டு ஊரும் கூப்பிடும். அவன் கை படாத குழி அந்த மயானத்தில் அபூர்வம். அவனை வாடகை இயந்திரம் தோண்டிய குழியிலா இறக்குவது?

மணமாகி வந்த புதிதில் அவளுக்கு இங்கே ஒரு வேலி கூடத் தெரியாது. மாடு ஓட்டிவர அனுப்பும்போதெல்லாம் ஃபோன்ஸி அந்தந்த வயலின் பெயரையும், அந்தப் பெயர் வந்த கதையையும் சொல்லித்தான் அனுப்புவான். சலித்துக்கொண்டதே இல்லை. எங்கிருந்தோ வந்தவளை அப்படித்தான் ஊர்க்காரியாக்கினான்.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க."

வீட்டுக்குப் பின்னால், உருளைக்கிழங்குப் பாத்தி தாண்டி, கோரை அடர்ந்த நீளமான பள்ளம். மிதித்தால் தண்ணீர் கசிந்தது.

"மாலக்கி, உன் ஊருப் பேருக்கு என்ன அர்த்தம்?"

"அன்னாகீல்னா ஒடுங்கின சதுப்பு. இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

"அந்தச் சதுப்பைக் காட்டு, பாப்போம்."

மாலக்கி சுற்றிலும் பார்த்தான். பிறகு தன் காலணியைப் பார்த்தான், பாதி முங்கியிருந்தது.

"ஃபோன்ஸியோட தாத்தா காலத்துல நிலத்தைக் காயவைக்க ஓடையை வீட்டுக்கு முன்பக்கமா வெட்டி விட்டாங்க. அதுக்கு முன்னாடி அது இந்தச் சதுப்புக்கும் அந்தாண்ட ஓடுச்சு. ஓடைதான் இடம் மாறுச்சு. வீடு மாறலயே."

மாலக்கி தொப்பியைக் கழற்றினான். "அப்ப இது எங்க வேலைதான். மன்னிச்சுக்க அட்ராக்டா."

"என் வண்டியிலயும் மண்வெட்டி கெடக்கு," என்றான் ஹியூபர்ட். "கூப்பிட்டா வரேன்."

"வந்து தொலை. இடுப்பு போன கிழவன் நான் ஒண்டியாவா தோண்டுவேன்?"

இருட்டும் முன்பே இரண்டு ஊர் ஆட்களுமாக ஏழெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள், முழங்கால்வரை சேறோடு. குழியின் சுவர்களில் பச்சைப் பெரணி சொருகியிருப்பதாகச் சொன்னார்கள். அட்ராக்டா ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உன் மாடு என் புல்ல மேஞ்சப்பல்லாம், நம்ம ஊரு மாடுதானேன்னு விட்டேன்," என்றான் ஹியூபர்ட். "இத்தன வருஷமும் அன்னாகீல் மாடா அது?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியருகே போய்க் குனிந்தாள்.

"கேட்டியா ஃபோன்ஸி? ரெண்டு ஊரும் சேந்து தோண்டியிருக்கு."