மயிலம்மாளின் பின்னறை

மயிலம்மாள் வீட்டில் நான் இரண்டு முறை பாயசம் குடித்திருக்கிறேன். முதல் முறை குடித்ததற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். இரண்டாம் முறை குடித்ததைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அமிர்தலிங்கம். மலாயாவில், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலத்தில், சிரம்பானுக்குப் பத்து மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக இருந்தேன். பெரிய கிராணி அலுவலகத்தை விட்டு நகரமாட்டார். துரை பங்களாவை விட்டு நகரமாட்டார். வெயிலில் அலைகிற வேலையெல்லாம் எனக்கு. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைப் பார்ப்பது, கேட்டில் பெயர் எழுதுவது, யார் வந்தார் யார் போனார் என்று பதிவது, எல்லாவற்றின் கீழேயும் கையெழுத்துப் போடுவது. இருபத்தெட்டு வயதில் கையெழுத்துப் போடுவது பெரிய அதிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மயிலம்மாள் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். கணவர் மாயாண்டி ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. ஒரே மகள் வள்ளிநாயகியைச் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் கட்டிக்கொடுத்திருந்தாள். மயிலம்மாள் அதிகம் பேசமாட்டாள். எதைச் சொன்னாலும் "சரிங்கய்யா" என்பாள். அந்த "சரிங்கய்யா"வில் சம்மதம் இருக்கிறதா, சலிப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து தானாகவே நாலு வார்த்தை பேசினாள்.

"ஐயா, வள்ளி முழுகாம இருக்கா. மாசியில பொறக்கும். தலப்பிரசவத்துக்கு இங்கதான் கூட்டியாறணும். நான் அவளப் பெத்தப்ப எங்காத்தா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. எனக்குப் போக எடம் இல்ல. இவளுக்கு இருக்குங்கய்யா. புது வீட்ட மட்டும் கொஞ்சம் பாத்து முடிச்சிக் குடுக்கச் சொல்லுங்க."

புது வீடு என்று அவள் சொன்னது புது வீடே அல்ல. 1951ஆம் ஆண்டின் கடைசி அது. காட்டோரம் இருந்த மேட்டு லயத்தைப் பிரித்து, அதே பலகையையும் அதே தகரத்தையும் கொண்டு முள்வேலிக்குள் திரும்பக் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. வேலியைச் சுற்றிக் காவல், ஒரே ஒரு கேட், மாலை ஆறு மணிக்கு மேல் ஊரடங்கு. காட்டுக்குள் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று அரிசியும் சோறும் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மரம் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். எல்லோருக்கும் களைப்பு. யாருக்கும் யார்மேலும் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

வேலையை எடுத்திருந்தவர் அம்பாங்கானைச் சேர்ந்த தங்கராஜு காண்ட்ராக்டர். பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. அவரிடம் சண்டை போடப் போனவர்கள் அவர் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். நாளை என்று அவர் சொல்லும்போது கேட்பவனுக்கு அது நேற்றே நடந்து முடிந்துவிட்டது போல இருக்கும்.

பன்னிரண்டு வீடுகளில் பதினொன்றை ஒருமாதிரி முடித்தார். கடைசி வீடுதான் மயிலம்மாளுடையது. பழைய தகரத்தில் பாதி துருப்பிடித்துப் போயிருந்ததால் அவள் வீட்டின் முன்னறைக்கு வந்ததோடு தகரம் தீர்ந்துவிட்டது. பின்னறைக்கும் அடுப்பங்கரைக்கும் விட்டங்கள் மட்டும் நின்றன. பின்சுவரில் பாதிப் பலகை இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானம்.

"ரெண்டே நாள்ல தகரம் வந்துரும்லா. மார்கழி பொறந்துட்டா பால் காய்ச்ச முடியாது. நீங்க காய்ச்சிருங்கம்மா, நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார் தங்கராஜு.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் வம்பு. மாதக் கடைசிக்குள் மேட்டு லயத்தைக் காலி செய்தாக வேண்டும். மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். பால் காய்ச்சாத வீட்டில் போய் உட்கார்ந்து, அந்த வீட்டுக்கே பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவதா? மயிலம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை, முன்னறையில் மூன்று செங்கல் வைத்துப் பால் காய்ச்சினாள். நிலையில் மாவிலை கட்டினாள். ரேஷன் சர்க்கரையைச் சேர்த்து வைத்துப் பாயசமும் வைத்திருந்தாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டு வேலை முடிந்தால், செய்தவருக்கு வேட்டியும் வெற்றிலைபாக்கும் வைத்து மரியாதை செய்து அனுப்புவது நம்மவர்கள் வழக்கம். அனுப்பிய பிறகு அவர் அந்த வீட்டில் உளி வைக்கமாட்டார். மற்ற பதினொரு வீட்டாரும் அப்படிச் செய்திருந்தார்கள். பாக்கி இரண்டு நாள் வேலைதானே, அதற்கு அவர் வழக்கம் பார்க்கமாட்டார்; தான் மட்டும் செய்யாமல் விட்டால்தான் அவருக்கு மனக்குறை வரும், மிச்ச வேலையை அரைமனதாகச் செய்வார் என்று மயிலம்மாள் நினைத்தாள். பாதிக் கூரையோடு நின்ற வீட்டில், முழு வேலைக்கான வேட்டியைத் தட்டில் வைத்து நீட்டினாள். தங்கராஜு கூச்சமே இல்லாமல் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என்னையும் அழைத்திருந்தாள். நான் முன்னறைப் பாயில் உட்கார்ந்து பாயசம் குடித்தேன். வேலை முடிந்தது என்ற தாளைத் தங்கராஜு என் முன்னே வைத்தார்.

"பாலே காய்ச்சிட்டாங்க ஐயா. இனி என்ன இருக்கு? ஒரு கையெழுத்து."

பின்னறை வாசலில் ஒரு பழைய சேலை தொங்கியது. சேலைக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. கூரை உள்ள அறையில் அவ்வளவு வெளிச்சம் வராது. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். எழுந்து நாலடி நடந்து சேலையை விலக்க வேண்டும். அப்புறம் அவரிடம் வாதாட வேண்டும். அன்றைக்கு அலைந்த அலைச்சலில் அது பெரிய வேலையாகத் தோன்றியது. அவர்தான் இரண்டு நாளில் முடிப்பாரே என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே தங்கராஜுவின் ஆட்களிடமிருந்து கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேலை முடிந்தவர்களுக்கு எதற்குப் பாஸ்? அவர் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டார். மார்கழி மழை பிடித்துக்கொண்டது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மயிலம்மாள் அலுவலக வாசலுக்கு வந்து நின்றாள். முதல் ஞாயிறு, "தகரம் வந்துச்சுங்களாய்யா?" என்று கேட்டாள். இரண்டாம் ஞாயிறும் அதையே கேட்டாள். மூன்றாம் ஞாயிறு எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஆறுமுகம் ஒரு யோசனை சொன்னார். "அத்தாப்பு ஓலக் கூர போட்டுக் குடுத்துரலாம் கிராணியாரே. ரெண்டு ஆளு காட்டோரம் போயி ஓல வெட்டிட்டு வந்தாப் போதும்." காட்டோரம் போனால் பட்டாளத்தார் சுடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டு அவரே பெருமூச்சு விட்டார். கடைசியில் விட்டங்களின்மேல் சாக்குகளை விரித்துக் கட்டினார்கள். நாலு நாளில் அவை மழையில் ஊறிக் கிழிந்து தொங்கின.

நான் அம்பாங்கானுக்கே போய்த் தங்கராஜுவைப் பிடித்தேன். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். நானும் குடித்தேன்.

"நான் மாட்டேன்னு சொல்லுவேனா ஐயா? ஆனா மரியாத பண்ணி அனுப்பிச்ச வீட்ல மறுபடி போயி உளி வச்சா அந்த வீட்டுக்கு ஆகாதே. புள்ளத்தாச்சி வர்ற வீடு வேற. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தம்மா என்னையில்ல சொல்லும்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என்ன பேசுவது? வேட்டி வாங்கியவரும் அவர்தான், முடிந்தது என்று தாள் வைத்திருப்பவரும் அவர்தான். தாளில் இருப்பது என் கையெழுத்து. துரையிடம் போய், "நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நடக்கும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். தை பிறந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

தை மாதம் ரஹாங்கில் வள்ளிக்கு வளைகாப்பு. வளைகாப்புக்குத் தாய் வீட்டிலிருந்து கட்டுச்சோறு போக வேண்டும். சோறு கேட்டைத் தாண்டக் கூடாது. மயிலம்மாள் கண்ணாடி வளையலை மட்டும் ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள். கேட்டில் இருந்த காவலாளி அந்த முடிச்சையும் அவிழ்த்துப் பார்த்தான்.

அன்று பிற்பகலே மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். கொண்டுவந்து விட்டுப் போக மாப்பிள்ளை இராஜமாணிக்கத்தின் தாயார் தாயம்மாவும் கூடவே வந்திருந்தார். கேட்டில் நான்தான் பதிவேட்டில் எழுதினேன்: வள்ளிநாயகி, மயிலம்மாள் மகள், மூன்று மாதம் தங்க. மயிலம்மாள் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதி முடித்ததும் மகளின் முதுகை ஒருதரம் தடவிக்கொடுத்தாள். அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் வீடுவரை போனேன். தாயம்மா முன்னறையைப் பார்த்தார். பிறகு சேலையை விலக்கினார். நான் விலக்காத சேலை அது. உள்ளே தரை சேறாகக் கிடந்தது. கிழிந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 

"சம்பந்தியம்மா, ஒங்கமேல எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் தாயம்மா. குரலை உயர்த்தவில்லை. "ஆனா பெத்த ஒடம்பையும் பச்சப் புள்ளயையும் இந்த ஈரத்துல எங்க போடுவீங்க?"

"தகரம் வந்துரும்."

"வந்தா மட்டும்? மாசமா இருக்கிறவ படுத்திருக்கிற வீட்ல ஆணி அடிக்கலாமா? ஒங்களுக்குத் தெரியாததா?"

மயிலம்மாளுக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கூரையைத் தொடமாட்டார்கள், சுவரில் ஆணி இறக்கமாட்டார்கள். அவள் உள்ளே வந்து படுப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. நான் ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

வள்ளி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்கயே இருக்கேம்மா. முன்னாலயே படுத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவாது."

மயிலம்மாள் கூரை இல்லாத அந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள். மேகம் மறுபடி கட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது.  பிறகு மகளின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"கெளம்பும்மா. நேரமானா கேட்ட மூடிருவாங்க."

அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கேட்டில் மகளுக்குத் திருநீறு வைத்து அனுப்பினாள். அவர்கள் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் மறையும்வரை கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"பேர அடிச்சிருங்கய்யா."

அரை மணி நேரத்துக்கு முன் எழுதிய பெயர். அதன்மேல் கோடு இழுத்தேன்.  அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமல் போட்டேன் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் போட்டேன் என்று சொன்னேன். வேலை போகவில்லை. நான் இத்தனை நாள் பயந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. கையெழுத்துப் போடும் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். தகரத்துக்கு எழுதிப் போட்டார்கள். அது அவசரகாலத்துத் தகரம். வர வேண்டிய நேரத்தில் வராது.

மாசி இருபதாம் தேதி ரஹாங்கில் வள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செய்தி மூன்றாம் நாள்தான் மயிலம்மாளுக்கு வந்தது. ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு போனாள். விருந்தாளியைப் போலப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு, ஊரடங்குக்கு முன் திரும்பிவிட்டாள். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மற்ற நாளைப் போலவே வரிசையில் நின்றாள்.

பங்குனியில் தகரம் வந்தது. தங்கராஜுவின் ஆட்களே வந்து அடித்தார்கள். துரை கூப்பிட்டுவிட்டதும், மரியாதை செய்து அனுப்பிய வீட்டில் உளி வைக்கக் கூடாது என்பது அவருக்கு மறந்துவிட்டது. ஒன்றரை நாள் வேலை. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மயிலம்மாள் எனக்கு ஆள் அனுப்பினாள். போனேன். முன்னறையில் பாய் விரித்திருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர் பாயசம். நான் உட்காரப் போனேன்.

"மொதல்ல உள்ள வந்து பாருங்கய்யா. பாத்துட்டுக் குடிங்க."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. வேலை முடிந்தால் கிராணி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. வாசலில் சேலை இல்லை. உள்ளே போனேன். கூரை முழுதாக இருந்தது. சுவரில் பலகை முழுதாக இருந்தது. தரையைச் சாணம் போட்டு மெழுகியிருந்தாள். அறையில் ஒரு சாமான் இல்லை. அவள் பாயும் தலையணையும் இன்னும் முன்னறையிலேயே இருந்தன.

"இனி மழ வந்தா பயமில்ல" என்றேன்.  "அடுத்த புள்ளைக்கு வள்ளி இங்க வந்துரலாம்."

"அடுத்ததுக்கெல்லாம் தாய் வீட்டுக்கு அனுப்பமாட்டாங்கய்யா. தலப்பிரசவம் ஒருக்காதான" என்று சொல்லிவிட்டு, தம்ளரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

அந்த அறையில் நின்றுகொண்டே குடித்தேன்.