மால்-சுன் போட்ட மறதிச் சுருட்டை

கொரியாவின் மோக்போ துறைமுகச் சந்தையில் மீன் விற்கும் எங்களுக்கெல்லாம் முடி வெட்டிச் சுருட்டிவிடுபவள் தோ மால்-சுன். ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, எட்டு முறை கீமோ. ஒரு வருடம் கடை பூட்டிக் கிடந்தது. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, இது உனக்கு இன்னொரு பிறந்தநாள் என்று, எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு வைக்கும் கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தேன்.

நோய் போனது, மருந்து செய்தது போகவில்லை. கை, கால் விரல் நுனிகள் மரத்தே கிடந்தன. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு சந்தைக்கு வந்து நின்றாள். மற்றது எங்கே கழன்றது என்று காலுக்கே தெரியவில்லை. தெரிந்தவர்கள் பெயர்கூட நாக்கு வரை வந்து திரும்பிப் போனது.

கடை திறந்த முதல் வாரம் என் தலையில் வெந்நீரை ஊற்றினாள்.

"அடியே, கோழியா உரிக்கிறே?" என்று அலறினேன்.

அவள் விரல்களும் அதே நீரில்தான் நனைந்திருந்தன. சூடு உறைக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கடையை மூடிடறேன்க்கா. எதைத் தொட்டாலும் கையுறை மாட்டின மாதிரி இருக்கு."

"மூடிட்டு? உன் புருஷன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா?"

அழுதவள் சிரித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். முடி சுருட்டும் சின்னக் குழல்கள் அவள் விரலில் நிற்கவில்லை. காத்திருக்கும் நாங்களே ஒருவர் தலையில் ஒருவர் சுற்றினோம். வெட்டுவது மட்டும் அவள்தான். கண் வைத்துப் பார்த்துப் பார்த்து, நிதானமாக வெட்டினாள். சுருட்டை மருந்து தடவிய நேரத்தை உதட்டுச் சாயத்தால் கண்ணாடியில் எழுதி வைத்தாள்.

ஒருமுறை எழுத மறந்தாள். நண்டு விற்கும் கூ பில்-நியோவின் முடி, கழுவியபோது பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போல எழுந்து நின்றது.

"மன்னிச்சிடுக்கா, சுத்தமா மறந்துட்டேன்!"

பில்-நியோ கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினாள். "எந்தக் கடல்காத்துக்கும் இது கலையாது போலிருக்கே! அடுத்த தடவையும் மறந்துடு."

அந்த மாதமே நாலு பேர் வந்து 'மறதிச் சுருட்டை' கேட்டார்கள்.

ஐந்தாம் வருடப் பரிசோதனைக்கு நானும் துணைக்குப் போனேன். "மரமரப்பு முழுசாப் போகாமலும் இருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "விழாம இருக்க, தினமும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னு பழகுங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா, சந்தையில மூணு தடவை விழுந்திருக்க மாட்டேனே டாக்டர்!" என்றாள் மால்-சுன்.

"சொல்லியிருக்கணும்," என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

இப்போது காலையில் கடை திறக்குமுன் மால்-சுன், பில்-நியோ, நான் மூவரும் வாசலில் ஒற்றைக்காலில் நிற்கிறோம். போகிறவர்கள், "கொக்குங்களா, மீன் கிடைச்சுதா?" என்று கேட்கிறார்கள். மால்-சுன் நாற்பது நொடி நிற்கிறாள். நோயே கண்டிராத நான் இருபதிலேயே சாய்ந்துவிடுகிறேன்.