தூக்கினு போங்க

நடந்தவை, வரிசையாக:

1. விழுப்புரத்தில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில், முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வரவேற்புக் கூடத்தில் மயங்கி விழுந்தார்.
2. ஸ்ட்ரெச்சர் மேல்மாடியில் இருந்தது. அன்று லிஃப்ட் ஓடவில்லை.
3. வரவேற்பில் இருந்த அக்கா எழுந்து, பெரியவரின் மகன்களைப் பார்த்துக் கத்தினார்: "ஸ்ட்ரெச்சருக்கு நின்னுக்கினு இருக்காதீங்க. ஜல்தி தூக்கினு போங்க! எதுத்த ஆஸ்பத்திரில டாக்டரு கீறாரு."
4. மகன்கள் அவரைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.
5. கூடத்தில் இருந்த யாரோ அதைப் படம் எடுத்திருந்தார்கள். இணையத்தில் வந்த துண்டில் மூன்று சொற்கள்தான் இருந்தன: "ஜல்தி தூக்கினு போங்க."
6. அதன்மேல் எழுதியிருந்தது: "உயிரோடு இருப்பவரைப் பிணம்போலத் தூக்கிப் போகச் சொல்லும் ஊழியர்."
7. அக்காவுக்கு வேலை போயிற்று.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு யோசிக்க வரும். ஆனால் ஏழுக்குப் பிறகு எண் போட முடியவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றில் எதுவும் நடந்து முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் குழந்தையையும் தூக்கினு போவோம், தண்ணீர்க் குடத்தையும் தூக்கினு போவோம். கெடாரில் பிறந்து வளர்ந்த அக்காவுக்கு அந்தச் சொல்லில் சாவு எங்கும் இல்லை. வேறு மாவட்டங்களிலிருந்து எழுதியவர்களுக்கு அது புரியாமல் போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களும் திட்டினார்கள். வீட்டில் தினமும் அதே சொல்லைப் பேசுகிறவர்கள். திரையில் அந்தத் தலைப்போடு பார்த்ததும் அவர்களுக்கும் அது வேறு மாதிரி கேட்டுவிட்டது.

பெரியவரின் மூத்த மகன் ஒரு வீடியோ போட்டார். மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் நின்று, சட்டைப் பொத்தானை எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு பேசினார். "அந்தம்மா கத்தலன்னா எங்கப்பா இன்னிக்கு இல்லீங்க. நாங்க பேந்தப் பேந்த முழிச்சிக்கினு நின்னோம்." அதைப் பார்த்தவர்கள் சொற்பம். பார்த்தவர்களிலும் பாதிப் பேர், சென்டர்காரன் அவரை விலைக்கு வாங்கிவிட்டான் என்று கீழே எழுதினார்கள்.

மேனேஜர் மோசமான ஆள் இல்லை. அக்காவை உட்காரவைத்து டீ வரவழைத்துவிட்டுத்தான் சொன்னார். "தப்பு உம்மேல இல்லம்மா. நானும் அங்கதான இருந்தேன். ஆனா ரேட்டிங்கப் பாரு, விழுப்புரம் எங்க கீதுன்னே தெரியாதவன்லாம் ஒரு ஸ்டார் போட்டுக்கினு கீறான். கொஞ்ச நாளு வீட்ல இரு." டீ ஆறும்வரை அக்கா குடிக்கவில்லை. அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று அவர் கேட்கவுமில்லை, மேனேஜர் சொல்லவுமில்லை.

ஒரு விஷயத்தில் தப்பித்தோம் என்று நான் நினைத்திருந்தேன். வீடியோவில் அக்கா முகக்கவசம் போட்டிருந்தார். கோபம் அடங்கினால் யாருக்கும் அடையாளம் தெரியாது, வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ளலாம். கணவர் இல்லாமல் தனியாக மகளைப் படிக்கவைக்கிறவர் அவர். வேலை கட்டாயம் வேண்டும். அவருக்குத் தெரிந்த வேலை, பேசுவது. நோயாளியின் பெயரைக் கூப்பிட்டால் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருப்பவர்கூட ஓடிவருவார், அப்படி ஒரு குரல்.

கோபம் நான் நினைத்தபடியே அடங்கியது. பிறகு யாரோ அந்தக் குரலை மட்டும் பிரித்து எடுத்து, கடைசிச் சொல்லை இழுத்து, வேடிக்கைப் படங்களுக்குப் பின்னால் ஒட்டினார்கள். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், பின்னால் அக்காவின் குரல். குடித்துவிட்டுக் கிடக்கும் மாப்பிள்ளையை நண்பர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள், அதே குரல். திட்டியவர்களுக்காவது அது ஒரு மனுஷியின் குரல் என்று தெரிந்திருந்தது. இவர்களுக்கு அதுவும் தெரியாது.

அந்த நாட்களில் சென்டரில் ஒரு பெண் தலைசுற்றி நாற்காலியிலிருந்து சரிந்தார். அக்காவின் இடத்துக்குப் புதிதாக வந்த பெண் வாயைத் திறந்து, மூடினாள். அவள் கண் விழுந்தவரிடம் இல்லை. யார் கையில் போன் இருக்கிறது என்று தேடியது. எக்ஸ்ரே அறை வாசலில் நின்று நானும் அதையே தேடிக்கொண்டிருந்தேன். "தயவுசெய்து யாராவது உதவுங்கள்" என்று அவள் ஒருவழியாகச் சொன்னபோது, விழுந்த பெண்ணின் கணவர் கத்தினார்: "இன்னாம்மா ரேடியோ மாரி பேசிக்கினு கீற, ஓடியாம்மா!" அதன் பிறகுதான் என் கால் நகர்ந்தது. நல்லவேளையாக, வெறும் பட்டினி மயக்கம்.

நான் குடியிருப்பது திண்டிவனத்தில். அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்புக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அக்காவைப் பற்றிச் சொல்லி வைத்தேன். ஒரு விடுமுறை நாளில் விழுப்புரம் போய் அவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் முன்சீட்டில் ஒரு அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனைத் திறந்தாள். ஜல்தி தூக்கினு போஓங்க. குழந்தை சிரித்து வாயைத் திறந்தது. மறுபடி போட்டாள். மறுபடி திறந்தது.

கண்டக்டர் வந்தார். அக்கா இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு சரி, எங்க? வாயத் தொறந்தா முத்து உதுந்துடுமா?"

"திண்டிவனம்" என்று நான் சொன்னேன்.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தன்மையாகப் பேசினார். பத்து வருஷ அனுபவமா, நல்லது, எப்போது சேருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு நோயாளியைப் பார்க்க உள்ளே போனார். வெளியே மருந்து எடுத்துக் கொடுக்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அக்கா அவர்களிடம், "தண்ணி எங்கம்மா கீது?" என்று கேட்டார்.

ஒருத்தி இன்னொருத்தியின் தோளில் அடித்தாள். "ஏய், இவங்க வாய்ஸக் கேளுடி! அந்த ரீல்ஸ் அக்கா மாரியே இல்ல?"

"ஐயோ ஆமாண்டி! அக்கா, அக்கா, ஒரு வாட்டி சொல்லிக் காட்டுங்கக்கா. ப்ளீஸ்க்கா!"

நான் எழுந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, அவர்கள் பக்கம் திரும்பி, மெல்ல, "ஜல்தி தூக்கினு போங்க" என்றார்.

"செமக்கா! ஆனா அந்தக் கடைசில வர்ற 'போங்க'வ இழுக்கணும்க்கா. அதுல 'போஓங்க'ன்னு வரும், நீங்க கேட்டதில்லியா?"

"போஓங்க" என்றார் அக்கா.

"அதேதான்!" இருவரும் கைதட்டினார்கள். "நாளைக்கே வந்துடுங்கக்கா. இங்க ஒரே போரு. நீங்க வந்தா ஜாலியா இருக்கும்."

அவர்கள் குரலில் கிண்டல் இல்லை. அக்காவை அவர்களுக்கு உண்மையாகவே பிடித்துப் போயிருந்தது. ஒருத்தி ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தாள்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடந்தபோது நான் அந்தப் பெண்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா தடுத்தார். "அதுங்கள ஏன் சொல்ற பாப்பா. நல்ல புள்ளைங்கதான்." கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"நான் அன்னிக்கு இழுத்தா சொன்னேன்?"

"இல்லக்கா."

"நெசமா?"

"நெசமாக்கா. பட்டுனு சொன்னீங்க."

"எனுக்கு இப்ப இழுத்த மாரிதான் ஞாபகம் வருது. பெரியவரு கெடக்குறாரு, நான் நிக்கிறேன், வாயத் தொறந்தா அப்டித்தான் வருது. கொழுப்பெடுத்தவ மாரி."

நான் இல்லை என்று மறுபடியும் சொன்னேன். அன்று எக்ஸ்ரே அறைக் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன், என் காதால் கேட்டேன். அவருக்குச் சாட்சி சொல்ல என்னால் முடியும். ஆனால் அவரை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, கண்ணை மூடி அந்தக் காலை நேரத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக வந்தது. கூடத்தின் பச்சை நாற்காலிகள், பெரியவரின் காலிலிருந்து கழன்ற செருப்பு, மகன்களின் முகம். அக்கா எழுந்தார், வாயைத் திறந்தார். எனக்கும் இழுத்துத்தான் கேட்டது.

இப்போதைய நிலை இது. அக்கா அந்த வேலையில் சேரவில்லை. கெடார் சாலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில் ஒன்றுக்கு வேலைக்குப் போகிறார். மெஷின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. சம்பளம் பாதிதான். வீட்டுக்கு வெளியே அவர் வாய் திறப்பதில்லை. காய்கறிக்காரர் அவரை ஊமை என்று நினைத்து, விலையைக் கைச்சாடையில் சொல்கிறார். அக்காவின் குரல் இருக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் புகார் செய்கிறேன். சிலவற்றை நீக்குகிறார்கள். புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன.