வெளுக்காத நீலம்

மகளின் பள்ளிப் பாவாடையில் அடிமடிப்பைப் பிரித்தேன். வெளுத்துப்போன நீலத்துக்குக் கீழே வெயிலே படாத கருநீலம் ஒரு பட்டையாக இறங்கியது. ஒரே வருடத்தில் அவ்வளவு வளர்ந்திருக்கிறாள்.

மேற்கு மாம்பலத்தில் நான் படித்தபோது பிரேயர் வரிசையில் எப்போதும் முதல் ஆள் நான்தான். வகுப்பில் ஒவ்வொருத்தியாக வயதுக்கு வந்தார்கள். நான் மட்டும் அப்படியே இருந்தேன். “சில பசங்க லேட்டாதான் வளருவாங்க, பயப்படாதீங்க” என்றார் டாக்டர். பக்கத்து வீட்டு மாமிக்கு அது போதவில்லை. “இன்னும் இத்துனூண்டாவே இருக்காளே” என்பார், என் எதிரிலேயே.

கோடை விடுமுறை முடிந்ததும் அம்மா பழைய பாவாடையை எனக்குப் போட்டுப் பார்ப்பாள். போன வருடம் முழங்காலைத் தாண்டித் தொங்கியது இப்போது முழங்காலோடு நிற்கும். “பாத்தியா, வளந்துட்டே. மடிப்பை அடுத்த வருஷம் பிரிச்சு விடலாம்” என்பாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்குப் போவேன்.

பதினைந்து வயதில்தான் நிஜமாகவே வளர்ந்தேன்.

மகளின் பாவாடையை மடியில் விரித்து அந்தக் கருநீலத்தைத் தடவினேன். அந்த வருடங்களில் அம்மா என் மடிப்பைப் பிரிக்கவே இல்லை. எனக்குத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் ஏற்றி மடித்துத் தைத்திருக்கிறாள்.