சந்தனம் அடைத்த மவுத் ஆர்கன்

வீணைக்காரருக்கு சபையில மரியாதை உண்டு, தவில்காரருக்குக் கல்யாண வீட்டுல மரியாதை உண்டு, மவுத் ஆர்கன்காரிக்கு எங்கேயும் கிடையாது. இதைப் படிக்கிறவங்கள்ல என் மாதிரி யாராவது இருந்தா வாங்க, சேர்ந்து அழலாம்.

கேக் வெட்டும்போது

வாரநாள்ல கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங், சனிக்கிழமை ஆனா ஓக்லண்ட்ல ஒரு ப்ளூஸ் பேண்ட், அதாவது அமெரிக்கக் கறுப்பர்களோட சோகப் பாட்டு. நான் வாசிக்கிறது சிகாகோ ஸ்டைல். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து உள்ளங்கையில பொத்திக்கிட்டு, ஆம்ப்ளிஃபையர் அலற அலற வாசிக்கணும். ஊதுறதை விட மூச்சை உள்ளே இழுக்கிறதுதான் ஜாஸ்தி.

மௌரி அவென்யூ மளிகைக் கடையில முருங்கைக்காய் பொறுக்கிட்டிருந்த விமலா ஆன்ட்டிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். ஆல்பம் ரெக்கார்ட் பண்ணப் போறோம், அதுல நான் மட்டும் தனியா வாசிக்கிற சோலோ ஒண்ணு இருக்குன்னு வேற பீத்திக்கிட்டேன். ஆன்ட்டி முழுசாக் கேட்டுட்டு சொன்னாங்க: "ரொம்ப சந்தோஷம்மா. பேரன் பர்த்டேக்கு கேக் வெட்டும்போது வந்து கொஞ்சம் ஊதிட்டுப் போயேன்."

பொட்டு

பேண்ட் தலைவர் மார்வின். பாடுவார், அவரே மவுத் ஆர்கனும் பிரமாதமா வாசிப்பார். அதனால இதுவரைக்கும் வந்த ஆல்பத்துல எல்லாம் நான் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுற மாதிரி பின்னாடி ஊதினதோட சரி, பேரு கூடப் போடலை. இந்தத் தடவைதான் ஒரு பாட்டோட சோலோவை எனக்குக் குடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள சரியா வரலைன்னா அவரே வாசிச்சிடுவாராம்.

ஸ்டுடியோ கிடைச்ச நாள் எது தெரியுமா? விஜயதசமி! எனக்குத் தலைகால் புரியலை. என் வீட்டுக்காரர் சேகருக்கு ஆயுத பூஜைன்னா உயிர். காருக்குப் பொட்டு, லேப்டாப்புக்குப் பொட்டு, இட்லி கிரைண்டருக்கும் பொட்டு. முந்தின நாளே, சுருதிக்கு ஒண்ணா ஏழெட்டு ஆர்கன் இருக்கிற என் பெட்டியைக் கேட்டு வாங்கி சாமி முன்னாடி வெச்சுட்டார். "நீ நிம்மதியா இரு. ஒண்ணு விடாம பூஜை பண்ணிட்டேன்."

ஒண்ணு விடாம

ஸ்டுடியோவுல மைக்கைப் பொத்தி, கண்ணை மூடி, மூச்சை இழுத்தா காத்தே வரலைங்க! பார்த்தா ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியா சந்தனம், நடுவுல குங்குமம். காஞ்சு சிமென்ட் மாதிரி அடைச்சிருக்கு. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. பாவி மனுஷன், சொன்ன மாதிரியே ஒண்ணு விடலை.

மார்வின் தன் பாக்கெட்லருந்து, அப்பதான் வாசிச்சு முடிச்ச அவரோட ஆர்கனை எடுத்து நீட்டினார். நான் திருநெல்வேலிக்காரி. கட்டின புருஷன் பாட்டில்லயே வாய் வெக்காம அண்ணாந்து குடிக்கிறவ. எச்சிலாச்சே! என் முழியைப் பார்த்துட்டு தன் சட்டையில ஒரு துடை துடைச்சார். அது இன்னும் மோசம். மணியோ பன்னெண்டைத் தாண்டுது, விட்டா சோலோ போச்சு. முருகான்னு வாயில வெச்சேன்.

அடடா! முதல் இழுப்புலயே சுரம் வளைஞ்சு அழுதுச்சு பாருங்க, எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ஒரே டேக்! நான் குதிச்ச குதியில ஹெட்ஃபோன் கழண்டு விழுந்துச்சு. மார்வின் என் சந்தன ஆர்கனை மோந்து பார்த்து, வேலை செய்யற சாமானுக்கு நாம கும்பிடு போடுற கதையைக் கேட்டுட்டு சொன்னார்: "அடுத்த வருஷம் என்னோடதையும் வெச்சுடு. ஆனா வெளியே மட்டும் பூசச் சொல்லு."

ஃப்ரீவேயில

ஆல்பம் வந்ததும் கார்ல போட்டேன். எச்சில் கதையைக் கேட்ட என் பொண்ணு நிலா பின்சீட்டுலருந்து, "ஈயூ! அம்மா, தட்ஸ் ஸோ க்ராஸ்!" சேகரோ சோலோ முடிஞ்சதும் சவுண்டைக் கூட்டித் திரும்பப் போட்டார். அதோட விட்டாரா? வீட்டுக்கு வந்ததும் விமலா ஆன்ட்டிக்கு போன்: "ஒரே டேக் ஆன்ட்டி! பூஜை பண்ணினது யாரு?"

சந்தனம் அவருது, எச்சில் மார்வினுது, ஆனா ஆல்பம் அட்டையில முதல் தடவையா போட்ட பேரு மட்டும் என்னுது.